கப்பலுக்கு முன்னால்

என் மகனுக்கு ஆட்டிசம் என்று கோயம்புத்தூரில் டாக்டர் சொன்ன நாளில், திரும்பி வரும் பஸ்ஸில் வழியெல்லாம் நான் மாமாவைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவின் தம்பி. டாக்டர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க எனக்குள் இரண்டு பேருக்கான பதில்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பானா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவானா, இல்லை உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போவானா? மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துவானா? சாப்பாடு ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டால் என்ன செய்வான்? மகனுக்காக "ஆமாம் டாக்டர்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் கண்முன்னால் மாமாவின் சாப்பாட்டுத் தட்டு வந்து நின்றது. சோறு தனி, குழம்பு ஒரு கிண்ணத்தில், பொரியல் இன்னொரு தட்டில். எங்கள் வீட்டில் அது ஐம்பது வருஷப் பழக்கம். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறி, குளிர்ந்த காற்று ஜன்னலில் அடித்தபோது மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகன் விழித்துக்கொண்டான். எனக்கு அழுகை வரவில்லை. இதோடுதானே நான் வளர்ந்தேன் என்று இருந்தது. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதுதான் அன்றைக்குப் புதுசு.

அது 2022. மாமாவையும் ஒருமுறை காட்டலாமா என்று நான் வாய்விட்டுக் கேட்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. கேட்டதும் வீட்டிலும் சரி, காலனியிலும் சரி, என் கணவர் வீட்டிலும் சரி, எல்லாரும் சொன்னது ஒன்றுதான். "இந்த வயசுல எதுக்கு?" மாமாவுக்கு அப்போது 55 முடிந்திருந்தது. இனிமேல் பள்ளிக்கூடம் போகப் போகிறாரா, பரீட்சை எழுதப் போகிறாரா, சும்மா இருக்கிற மனுஷன் மேல் எதற்கு ஒரு முத்திரை என்றார்கள். நியாயமான கேள்விதான். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அது என்னை விடவும் இல்லை.

ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு கணக்குப் போட்டுப் பார்ப்பேன். 2021 நிலவரப்படி உலகத்தில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,35,394 பேர். அதே விகிதம் இங்கேயும் இருந்தால் இந்த மலைகளில் மட்டும் ஏறக்குறைய 5,800 பேர் இருக்க வேண்டும். தெரபி சென்டர் வாசலில் நான் பார்ப்பதெல்லாம் மூன்று வயது, ஐந்து வயது, மிஞ்சினால் பத்து வயதுப் பிள்ளைகள். மீதிப் பேர் எங்கே? எங்கேயும் போய்விடவில்லை. படகர்கள் வாழும் ஒவ்வொரு ஹட்டியிலும், தோட்டத் தொழிலாளர்களின் ஒவ்வொரு லைன் வீட்டிலும், ஒவ்வொரு காலனியிலும் இருக்கிறார்கள். "அவன் ஒரு மாதிரி", "வெள்ளந்தி", "வாயில்லாப் பூச்சி", "திமிர் பிடிச்சவ" என்று ஆளுக்கொரு பெயரோடு இருக்கிறார்கள்.

கடல் பயம்

நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் வருஷத்து சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்தவர்கள் என்றால் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் யாருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. 1973இல் தாத்தா, பாட்டி, ஒன்பது வயது அம்மா, ஐந்து வயது மாமா என நான்கு பேரும் கோச்சியில் தலைமன்னார் வந்து, கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அப்புறம் இந்த மலைக்கு வந்தார்கள். ரயிலுக்கு அம்மா இன்றைக்கும் கோச்சி என்றுதான் சொல்வார். தேயிலை ஃபேக்டரிக்கு ஸ்டோரு. லைன் வீட்டுக்கு லயம்.

ராமேஸ்வரத்தில் இறங்கியபோது மாமா பேசவில்லை. ஐந்து வயதில் ஒரு வார்த்தை இல்லை. பாட்டி அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்: கப்பல். "நல்லாத்தான் இருந்தான், கடலைப் பாத்துப் பயந்தான், வாய் கட்டிப்போச்சு." நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை இது. காலனியில் எல்லாருக்கும் தெரிந்த கதையும்கூட. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள். கோவில் மணியில் தண்ணீர் விட்டுக் குடிக்கக் கொடுத்தார்கள். ஆறு வயதுக்கு மேல் ஒருநாள் மாமா வாய் திறந்தார். வந்த முதல் பேச்சு, "வரிசையில வாங்க, வரிசையில வாங்க." மண்டபம் முகாமில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்த வார்த்தைகள். அப்படியே அதே குரலில், அதே இழுப்போடு சொன்னாராம். வீடே சிரித்ததாம், பாட்டி மட்டும் அழுதாராம். கேட்டதை ராகத்தோடு அப்படியே திருப்பிச் சொல்வது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் பேச்சுக்குள் நுழையும் வாசல் என்று என் மகனின் ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தக் கதையில் எனக்குப் பிற்பாடு புரிந்த இன்னொன்று உண்டு. இந்தியா போய்விடலாம் என்று பிடிவாதமாக நின்றவர் பாட்டி. தாத்தாவுக்கு அங்கேயே இருந்துவிட ஆசை. ஆகவே கப்பல்தான் காரணம் என்றால், கப்பலில் ஏற்றியவர் பாட்டி. 2011இல் கண்ணை மூடும் வரை அவர் அதைச் சுமந்தார். "என் புள்ளை வாயை நான்தான் கடல்ல போட்டுட்டு வந்தேன்" என்று சொல்வார், யாரிடமும் இல்லை, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நெருப்பிடம். 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்ற இந்தப் பெயர் பரவியது. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் மேல்நாட்டு மருத்துவர்கள் பலர், தாய் பாசமில்லாமல் வளர்த்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று பெற்றவள் மேல் பழி போட்டார்கள். அதைப் படித்த அன்று பாட்டியின் முதுகுதான் நினைவுக்கு வந்தது. அவர் மேல் எந்த டாக்டரும் பழி போடவில்லை. அவரே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஸ்டோரு

மாமா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டார். வாத்தியார், "இவனுக்கு ஏறாது, அனுப்பாதீங்க" என்றாராம். ஆனால் பதினெட்டு வயதில் ஒரு தனியார் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. அரைத்த இலையைப் பரப்பிப் புளிக்க வைக்கும் இடத்தில். அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நேரம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. வெயில் நாளில் ஒரு கணக்கு, மழையும் பனிமூட்டமுமான நாளில் வேறு கணக்கு. பச்சை நிறம் செம்பு நிறத்துக்குத் திரும்ப வேண்டும், பச்சை வாடை போய் மணம் வர வேண்டும். கொஞ்சம் முந்தினால் டீ கசக்கும், பிந்தினால் சப்பென்று போகும். மாமா குனிந்து ஒரு கை அள்ளி, மூக்குப் பக்கம் கொண்டுபோய், மறுபடி போட்டுவிடுவார். "இன்னும் இல்ல" அல்லது "போலாம்". நாள் முழுக்க இந்த இரண்டு பேச்சுதான். அவர் "போலாம்" என்றால் டீமேக்கர் மறுபேச்சில்லாமல் டிரையருக்கு அனுப்புவாராம். 27 வருஷம் அப்படி ஓடியது.

2013இல் நிர்வாகம் கை மாறியது. புதிதாக வந்தவர் எல்லாரையும் இடம் மாற்றினார். மாமாவை வாசல் பக்கம், இலை எடை போடும் இடத்துக்கு அனுப்பினார்கள். லாரி வரும், ஹாரன் அடிக்கும், எடையில் குறை என்று விவசாயிகள் சத்தம் போடுவார்கள், மூட்டையைத் தொப்பென்று போடுவார்கள். மூன்றாம் நாள் மாமா மழையில் ஏழு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உட்கார்ந்தார். மறுபடி வேலைக்குப் போகவே இல்லை. "திமிர்" என்றார்கள். நானும் சொன்னேன். எனக்கு 23 வயது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். "அம்மா ஒருத்தி சம்பளத்துல உக்காந்து சாப்பிட வெட்கமா இல்லையா மாமா" என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. இதை எழுதும்போதும் அது தொண்டையில் நிற்கிறது.

"அதுக்கு முன்னால எப்படி?"

2024 ஆகஸ்டில் கூட்டிப் போனோம். மாமா பஸ்ஸில் ஏறமாட்டார், அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் காரை வாடகைக்குப் பேசி விடிவதற்குள் கிளம்பினோம். சைக்காலஜிஸ்ட் இளம் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அறையில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் திரையை விலக்கினார். மாமா அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். "அப்படியே உக்காருங்க ஐயா, என்னைப் பாக்கணும்னு இல்ல" என்றார் அந்தப் பெண். மாமாவிடம் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நம் நாட்டில் சான்றிதழுக்காகப் பயன்படுத்தும் அளவுகோலில் 40 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கேள்விகள் பெரும்பாலும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தனியாக, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறாரா என்று 56 வயது மனுஷருக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. இதை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பெரியவர்களுக்கென்று, அவர்கள் வேலை, தூக்கம், தனிமை, உடம்பு நோவு இவற்றைக் கேட்கும் தமிழ்க் கேள்விகள் வேண்டும். அந்தப் பெண் தாளைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் பேச்சாக மாற்றினார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பினார். பெரியவர்களுக்கு ஆட்டிசம் என்று முடிவு செய்யக் குழந்தைப் பருவம் தெரிந்தாக வேண்டும். அறிகுறிகள் அப்போதே தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. பாதியில் வந்தது என்றால் அது வேறு ஏதோ ஒன்று. ஆகவே, மாமாவைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர்களில் உயிரோடிருக்கும் ஒரே ஆளான என் அம்மாவிடம் ஐம்பது வருஷத்துக்கு முந்திய பிள்ளையைப் பற்றிக் கேட்டார்.

அம்மா கப்பல் கதையைச் சொன்னார். பயந்தான், வாய் கட்டிப்போச்சு.

"சரிங்கம்மா. அதுக்கு முன்னால எப்படி? கப்பலுக்கு முன்னால?"

அம்மா வாயைத் திறந்தார், மூடினார். அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கதை கப்பலில் தொடங்கும், கப்பலுக்கு முந்தி ஒன்றும் கிடையாது. அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தார். லயத்து வாசலில் படியில் தம்பி உட்கார்ந்து ஒரு கயிற்றைச் சுழற்றிக்கொண்டே இருப்பான் என்றார். பாட்டி கொழுந்தெடுத்துவிட்டு வந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காது கேக்கலையோ என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். "ஆனா மேசையில டம்ளர் வெச்சா ஓடி வருவான்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார். "அப்பவும் பேசலை," என்றார் மெதுவாக. "கப்பலுக்கு முந்தியே பேசலை."

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. மாமா பக்கம் திரும்பி, "ஐயா, உங்களுக்குக் கப்பல் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் வழக்கம்போல மாமாவுக்குப் பதில் நான் பேசப் போனேன். விரலை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினார். சுவரில் கடிகாரம் இருந்தது. ஒரு நிமிஷம் போனது. வெளியே யாரோ பெஞ்சை இழுத்தார்கள். இன்னொரு நிமிஷமும் ஆகியிருக்கும்.

"கப்பல் நல்லா இருந்துச்சு," என்றார் மாமா ஜன்னலைப் பார்த்தபடி. "ஒரே சத்தம். நிக்கவே இல்ல. இரும்புல முதுகு வெச்சு உக்காந்தா உள்ள வரைக்கும் வரும்." கொஞ்சம் விட்டு, "அம்மாதான் அழுதுச்சு" என்றார்.

என் அம்மா அங்கேயே அழ ஆரம்பித்தார். பாட்டி இறந்து பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடல் அந்தப் பிள்ளையை ஒன்றும் செய்யவில்லை என்று பாட்டியிடம் சொல்ல ஆள் இருந்தது. அதே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. கேட்டுவிட்டு இரண்டு நிமிஷம் காத்திருக்க மட்டும் யாரும் இல்லை.

அந்த 40 கேள்விகளுக்கும் சேர்த்து மாமாவுக்கு மொத்தம் 112 வந்தது. 107 முதல் 153 வரை மிதமான நிலை. அந்த எண்ணை நான் அன்றைக்கு ஒழுங்காகக் கேட்கவும் இல்லை.

பிறகு

திரும்பி வரும்போது அம்மா காரில் கேட்டார்: "தம்பி, பஸ்ஸுன்னா உனக்கு என்ன?" கல்லார் தாண்டி வந்தது பதில். "நிக்கும்போது புஸ்ஸுன்னு வரும். எப்ப வரும்னு தெரியாது." பிரேக் காற்று விடும் சத்தம். கப்பலும் ஃபேக்டரி இயந்திரமும் நிற்காமல் ஒரே சீராக ஓடும். பஸ்ஸும் லாரியும் அப்படி இல்லை. எடை போடும் இடத்தில் மூன்று நாள் அவர் பட்டது என்ன என்று எனக்கு அந்த வளைவில்தான் புரிந்தது. இப்போது காதை மூடும் ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். முன் சீட்டில், டிரைவரின் கால் தெரியும் இடத்தில் உட்கார்ந்தால் மாமா கோத்தகிரி வரை பஸ்ஸில் வருகிறார். பிரேக்கில் கால் போவது தெரிந்தால் சத்தம் வரப்போவதும் தெரியுமாம். அந்தத் தீர்வை அவரே சொன்னார்.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். போன டிசம்பரில் மாமாவின் குதிகாலில் புண் சீழ் வைத்து, காய்ச்சல் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வலியை அவர் சொல்லவில்லை. சிலருக்கு உடம்பு நோவு மற்றவர்களைப் போலத் தெரிவதில்லை, தெரிந்தாலும் வார்த்தையாக வருவதில்லை. ஆஸ்பத்திரியில், "எங்கே வலிக்குது, எப்படி வலிக்குது, சீக்கிரம் சொல்லுங்க" என்றால் அவர் ஊமையாகிவிடுவார். வயதாக ஆக இதுதான் எனக்குப் பெரிய பயம். சர்க்கரை, ரத்த அழுத்தம், பல், கண் எல்லாம் வரப்போகும் வயது. ஆட்டிசம் உள்ளவர்கள் முதுமையில் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதப்பட்டிருப்பதே கொஞ்சம்தான். நாங்கள் இப்போது மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை, தலை முதல் கால் வரை ஒவ்வோர் இடமாகச் சொல்லிக் கேட்கிறோம். சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறார். நான் அதில் முதலில் நீளமாக எழுதியிருந்தேன். மாமா அதை வாங்கி அடித்துவிட்டு அவரே எழுதினார்: "தொடும் முன் சொல்லவும். பதில் வரும். காத்திருக்கவும்."

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினோம். 2016ஆம் வருஷத்துச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, அதற்கு வயது வரம்பு இல்லை. பெரியவர்களுக்கு எழுதிக் கேட்கத் தயங்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். காப்பாளர் நியமிப்பதைப் பற்றியும் பலர் கேட்டார்கள். 1999ஆம் வருஷ தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது முடிந்தவர்களுக்குக் கலெக்டர் தலைமையிலான குழு காப்பாளரை நியமிக்கலாம். சில குடும்பங்களுக்கு அது அவசியம், என் மகனுக்கும் ஒருநாள் தேவைப்படலாம். மாமாவுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவருக்கு வேண்டியது பேங்கில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை பின்னால் நிற்பவர்களைச் சமாளிக்க ஒரு ஆள்.

கானர் எழுதிய அந்த 11 பிள்ளைகளில் முதலாவது, டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். அதே ஊரில் பேங்கில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, கார் ஓட்டி, 2023இல் தன் 89ஆம் வயதில் இறந்தார். அவரைத் தெரிந்த ஊர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. வசதியான குடும்பம், அதுவும் ஒரு காரணம்தான். ஆனாலும் நான் அந்த ஊரையும் எங்கள் காலனியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இங்கேயும் டீக்கடைக்காரர் மாமாவுக்கு மட்டும் டம்ளரைச் சத்தமில்லாமல் வைப்பார், எத்தனையோ வருஷமாக, எந்தச் சான்றிதழும் பார்க்காமல். அந்த மனசு இங்கே இருக்கிறது. வாரம் ஒருமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் ஓடாமல், அதே மனசோடு ஒரு தெரபிஸ்ட் மலை மேலேயே இருந்தால், என் மகன் மூன்றாம் வகுப்போடு நிற்க மாட்டான்.

இப்போது அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. ராத்திரி படுக்கப் போகும் முன் மாமாவிடம் ஒரு கேள்வி கேட்பார். ஒன்றே ஒன்று. எல்லாம் சிலோனைப் பற்றி. அந்த லயத்தை, அந்த வாசலை நினைவில் வைத்திருக்கும் இன்னோர் ஆள் உலகத்தில் இல்லை என்று அம்மா இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். படி எத்தனை என்றார் ஒருநாள். "மூணு. மூணாவது உடைஞ்சது." அடுத்த லயத்து நாய் பெயரைக்கூட மாமா சொன்னார். போன வாரம் நான் அங்கே தங்கியிருந்தபோது அம்மா கேட்டது, கப்பலில் கொண்டுவந்த தகரப் பெட்டி என்ன கலர் என்று. மாமா ஒன்றும் சொல்லவில்லை. என் மகன் அவர் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் தூங்கிவிட்டான். அம்மா விளக்கை அணைத்துப் படுத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நானும் கண்ணசந்த பிறகு இருட்டில் குரல் கேட்டது.

"பச்சை. பூட்டு சரியில்ல."

"ஆமா தம்பி," என்றார் அம்மா. அவர் தூங்காமல்தான் இருந்திருக்கிறார். "கயிறு போட்டுல்ல கட்டியிருந்தோம்."